வரைஞ்சா மாசச் சம்பளம் வருமா?

வியட்நாமில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயரைக் கேட்கும் முன்பே வயதைக் கேட்டுவிடுவார்கள். வம்புக்காகக் கேட்பதில்லை. வயது தெரியாமல் அங்கே பேச்சைத் தொடங்குவதே சிரமம். எதிரில் இருப்பவர் கொஞ்சம் மூத்த பெண் என்றால் 'சீ', அதாவது அக்கா. மூத்த ஆண் என்றால் 'ஆன்', அண்ணன். தம்பியோ தங்கையோ, இளையவர் என்றால் 'எம்'. பெற்றோர் வயதுக்காரர்களுக்கு அத்தை, சித்தப்பா, பெரியப்பா என்று தனித்தனிச் சொற்கள். தன்னைக் குறிப்பிடவும் 'நான்' என்ற சொல்லை அதிகம் தொட மாட்டார்கள். காய்கறிக் கடையில் கடன் சொல்வதாக இருந்தால்கூட, "தங்கச்சி நாளைக்கு வந்து தர்றேன் அக்கா" என்றுதான் சொல்வார்கள்.

வயதுக்கு அடுத்த கேள்வி, "என்ன வேலை?" அதற்கும் அடுத்தது, "கல்யாணம் ஆயிடுச்சா?" உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்களே, அதே கேள்விகள்தான்.

இவற்றில் நடுக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். படம் வரைந்து பிழைக்க நினைக்கும் பிள்ளைகள்.

அப்படி ஒருத்தியை மனதில் நிறுத்திக்கொள்வோம். வயது 26. சொந்த ஊர் நாம் டிங். தலைநகர் ஹனோய்க்குத் தெற்கே ஏறக்குறைய 90 கி.மீ. தூரத்தில் இருக்கும், நெசவாலைக்குப் பேர்போன ஊர். அப்பா கணக்கர், அம்மா தையல்காரர். அவள் ஹனோயில் அறை எடுத்துத் தங்கி, விளம்பர அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் படம் வரைகிறாள். அவளும் அவள் வீட்டாரும் கற்பனை. அதனால்தான் பெயர் வைக்கவில்லை. அவள் நடக்கும் தெருக்கள், ஏறும் ரயில், போய்ப் பார்க்கும் தொழில்கள் எல்லாம் நிஜம்.

வேலையை விட்ட அன்று அப்பா ஒரே ஒரு கெடு வைத்தார். "அடுத்த டெட் வரைக்கும் பாரு. அதுக்குள்ள இதுல மாசா மாசம் பணம் வரும்னு தெரியலைன்னா, திரும்ப வேலைக்குப் போயிடணும்." டெட் என்பது சந்திர நாட்காட்டிப்படி வரும் அவர்களுடைய புத்தாண்டு. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அவளுக்குக் கிடைத்தது ஒரு வருஷம்.

குழாய் வீட்டில் விடியும் காலை

ஹனோயின் பழைய வீடுகளைக் 'குழாய் வீடு' என்பார்கள். தெருப் பக்கம் மூன்று, நான்கு மீட்டர்தான் அகலம். உள்ளே போனால் முடியாமல் நீளும். முன்பக்கம் கடை, பின்னால் சமையல், மேலே மாடிக்கு மேல் மாடி. அவள் அறை நான்காவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக்காரர் பல் தேய்ப்பது தெரியும்.

கீழே இறங்கினால் நடைபாதை முழுக்க முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலிகள். அதில் குந்தித்தான் ஊரே காலைச் சாப்பாடு சாப்பிடுகிறது. ஒரு கிண்ணம் 'ஃபோ', அதாவது அரிசி நூடுல்ஸும் இறைச்சிச் சாறும். அதை முடித்ததும் ஐஸ் போட்ட வெறும் தேநீர். பணத்தாள்களைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங். ஒரு காபிக்கே முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். பையில் லட்சங்கள் இருந்தும் மாதக் கடைசியில் கை கடிக்கும் ஊர் அது.

பழைய நகரப் பகுதியில் பல தெருக்களின் பெயர் 'ஹாங்' என்று தொடங்கும். ஹாங் என்றால் சரக்கு. ஹாங் பாக் வெள்ளித் தெரு, ஹாங் குவாட் விசிறித் தெரு, ஹாங் மா காகிதச் சாமான் தெரு. எந்தத் தெருவில் எந்தத் தொழிலோ, அதுவே தெருவின் பெயர். இன்று பல தெருக்களில் பெயர் மட்டும் மிச்சம், தொழில் கைமாறிவிட்டது. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பெயர்ப் பலகைகளை அவள் குறிப்பேட்டில் வரைந்து வைக்கிறாள். யாரும் காசு கொடுத்துக் கேட்ட படங்கள் அல்ல.

தொப்பி போட்ட எழுத்து

காசு வரும் வேலை வேறு. காபிக் கடையின் உணவுப் பட்டியல், சோப்புப் பெட்டியின் மேலட்டை, குழந்தைகள் புத்தகத்துக்கு நாலு படம். அந்த வேலைகளில் அவளைப் பாடாய்ப் படுத்துவது எழுத்துரு.

வியட்நாமிய மொழியை இன்று ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார்கள் உருவாக்கிய முறை இது. அலெக்சாந்தர் த ரோட் என்ற பாதிரியார் தொகுத்த அகராதி 1651-ல் ரோம் நகரில் அச்சானது. மொழியில் ஆறு தொனிகள் உண்டு. ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொரு தொனிக்கும் எழுத்தின் மேலோ கீழோ ஒரு குறி. சில எழுத்துகளின் தலையில் ஏற்கெனவே ஒரு தொப்பி இருக்கும். அந்தத் தொப்பியின் மேல் இன்னொரு கோடு வந்து உட்காரும். வெளிநாட்டில் செய்த அழகான எழுத்துரு பலவற்றில் இந்த அடுக்குக் குறிகள் இருக்காது. இருந்தாலும் மேல் வரியோடு முட்டிக்கொள்ளும். குறியை விட்டுவிடவும் முடியாது. தென்பகுதியில் 'மா' என்று ஏறும் தொனியில் சொன்னால் அம்மா. தலையில் இருக்கும் அந்தச் சின்னக் கோட்டை எடுத்துவிட்டால் பேய்! அன்னையர் தின வாழ்த்து அட்டையில் இது நடந்தால் என்ன ஆகும்?

கணினியில் தமிழ் கொம்பும் காலும் பிரிந்து நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துன்பம் புரியும். அவள் ஒவ்வொரு குறியையும் கையால் வரைந்து சேர்க்கிறாள். "எழுத்துதானே, இதுக்குத் தனியா காசா?" என்கிறார் வாடிக்கையாளர். வேலை முடிந்து இரண்டு மாதமாகியும் பணம் வராத கணக்கு வேறு இருக்கிறது. இரவில் அம்மாவின் போன். "சாப்பிட்டியா?" என்று தொடங்கும் பேச்சு, "அந்தக் கடைக்காரர் பணம் குடுத்தாரா?" என்பதில் வந்து நிற்கும்.

காபிக்கு ஈடாக ஒரு படம்

ஹனோயில் ஙுயென் ஹூ ஹுவான் என்று ஒரு தெரு. முட்டைக் காபிக்குப் பேர்போன 'ஜியாங்' கடை அங்கேதான் இருக்கிறது. 1946-ல் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த ஙுயென் வான் ஜியாங், முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபிமேல் ஊற்றிப் பார்த்தார். இல்லாமையில் பிறந்த அந்தப் பானம் இன்று ஊரின் அடையாளம்.

அதே தெருவில் 'லாம்' என்ற இன்னொரு பழைய கடை. ஓவியர் புய் சுவான் ஃபாய் வழக்கமாக வந்து உட்காரும் இடம். 1920-ல் பிறந்தவர். ஹனோயின் பழைய தெருக்களை, அந்தச் சாய்ந்த கூரைகளையும் பாசி படிந்த சுவர்களையும் வாழ்நாளெல்லாம் வரைந்தார். துணி வாங்கக் காசில்லாதபோது செய்தித்தாளிலும் அட்டையிலும் வரைந்தார். காபிக் கடனுக்குப் படம் கொடுத்தார். கடைக்காரரும் முகம் சுளிக்காமல் வாங்கி மாட்டினார். ஃபாயின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது 1984-ல், 64-வது வயதில். நான்கு ஆண்டுகளில் காலமானார். நாட்டின் உயரிய ஹோ சி மின் விருது 1996-ல் வந்தது. வாங்க அவர் இல்லை.

இந்தக் கதையை இளம் ஓவியர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் இதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அறுபது வயதுவரை காத்திருக்க அப்பாவின் கெடுவில் இடமில்லை.

ஃபாய் படித்த கல்லூரியிலிருந்து இன்னொரு கதையும் உண்டு. 1925-ல் விக்தோர் தார்தியூ என்ற பிரெஞ்சு ஓவியரும் நாம் சோன் என்ற வியட்நாமிய ஓவியரும் சேர்ந்து ஹனோயில் தொடங்கிய இந்தோசீன நுண்கலைக் கல்லூரி அது. அங்கே படித்த ஙுயென் காட் துவோங் 1934-ல், இருபதுகளில் இருக்கும்போதே, பத்திரிகையில் பெண்களுக்கான புது உடை வடிவங்களை வரையத் தொடங்கினார். தொளதொளவென்று இருந்த பழைய நீள அங்கியை உடம்போடு ஒட்டிய உடையாக மாற்றினார். 'துவோங்' என்றால் சுவர். சுவருக்குப் பிரெஞ்சில் 'லெ மூர்'. அதையே 'லெமூர்' என்று புனைபெயராக்கிக்கொண்டார். அதே கல்லூரியில் படித்த லே ஃபோ, அந்த வடிவத்தின் மேல்நாட்டுச் சாயலைக் குறைத்து, ஊர்ப் பெண்களின் பழைய உடைக்கு நெருக்கமாக்கினார். வியட்நாம் என்றதும் நம் கண்முன் வரும் 'ஆவோ ஸாய்' உடை இப்படித்தான் வளர்ந்தது.

அவள் அம்மா நாம் டிங்கில் இருபது வருஷமாகத் தைப்பது இந்த உடையைத்தான்.

லஞ்சம் வாங்கும் பூனை

ஹனோயிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் டொங் ஹோ கிராமம். மரக்கட்டையில் செதுக்கி அச்சிடும் நாட்டுப்புறப் படங்களின் ஊர். 'ஸோ' என்ற மரத்தின் பட்டையிலிருந்து செய்த காகிதம். அதன்மேல் கடற்சிப்பியைப் பொடித்து, அரிசிக் கஞ்சிப் பசையில் கலந்து, பைன் ஊசியிலைத் துடைப்பத்தால் இழுத்துப் பூசுகிறார்கள். காகிதம் லேசாக மின்னுகிறது. மூங்கில் இலையைக் கரித்துக் கறுப்பு, சோஃபோரா பூவிலிருந்து மஞ்சள், சிவந்த சரளைக் கல்லை இழைத்துச் சிவப்பு, அவுரி இலையிலிருந்து நீலம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. கறுப்புக் கோடு கடைசியில்.

படங்களில் வருவது வீட்டு மனிதர்களும் தொழுவத்து ஜீவன்களும்தான். குட்டிகளோடு தாய்ப்பன்றி, குஞ்சுகளோடு கோழி, சேவலைக் கட்டிக்கொண்ட குழந்தை. எலிக் கல்யாணம் என்று ஒரு படம் ரொம்பப் பிரபலம். மாப்பிள்ளை குதிரைமேல், பெண் பல்லக்கில், மேளதாளத்தோடு ஊர்வலம். முன்வரிசை எலிகள் மட்டும் பறவையையும் மீனையும் தூக்கிக்கொண்டு பூனையிடம் போகின்றன. கல்யாணம் நல்லபடியாக நடக்க அதிகாரிக்குக் கொடுக்கும் 'அன்பளிப்பு'. விளக்கம் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது, நமக்கும் புரிகிறது.

இந்தப் படங்களை யாரும் கண்ணாடிச் சட்டத்தில் பூட்டி வைக்கவில்லை. டெட் வரும்போது சந்தையில் வாங்கி, போன வருஷப் படத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார்கள். வருஷா வருஷம் எல்லா வீட்டிலும். அதனால் வருஷா வருஷம் ஊருக்கே வேலை இருந்தது. அச்சு நாட்காட்டிகள் வந்தன, வீட்டுச் சுவர்கள் மாறின, வாங்குவது நின்றது. இன்று அந்தக் கிராமத்தில் பெரும்பாலான வீடுகள் முன்னோர் வழிபாட்டில் எரிக்கும் காகிதச் சாமான் செய்கின்றன. கட்டை பிடிப்பவை விரல்விட்டு எண்ணும் குடும்பங்கள்தான்.

அவள் அங்கே வாங்கியது ஒரு பன்றிப் படம். எழுதிக்கொண்டது ஒரு வரி: 'ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டிய பொருள்.'

அடுத்த பயணம் வடக்கே, ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளி, சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலைகளுக்கு. மலையைக் குடைந்து 1959 முதல் 1965 வரை போட்ட பாதைக்கு 'மகிழ்ச்சிச் சாலை' என்று பெயர். மா பீ லெங் என்ற செங்குத்தான இடத்தில், வேலையாட்கள் மாதக்கணக்கில் கயிற்றில் தொங்கியபடி பாறையை உடைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மோங் இனப் பெண்கள், சந்தைக்கு நடந்து போகும்போதே கையில் சணல் நாரை முடிந்துகொண்டு போகிறார்கள். லுங் தாம் கிராமத்தில் அந்த நார் நூலாகி, துணியாகி, தேன்மெழுகுக் கோலம் ஏறி, அவுரித் தொட்டியில் திரும்பத் திரும்ப முங்கி எழுகிறது. நடக்கும் நேரமும் அங்கே வேலை நேரம்தான். அவளோ தன் குறிப்பேட்டு நேரத்தை வேலை என்று அதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

இரண்டு நிமிட அம்மா

கெடுவில் பாதி முடிந்தபோது, அவள் தெற்கே போகும் ரயிலில் ஏறினாள். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கி.மீ. பாதை 1936-ல் முழுமை பெற்றது. நாடு இரண்டாகப் பிரிந்தபோது இதுவும் அறுந்தது. போர் முடிந்து, 1976 டிசம்பர் 31 அன்று மறுபடி ஓடத் தொடங்கியது. இன்றும் கடைசி வரை போக ஒரு பகலும் ஓர் இரவும் போதாது.

சாயங்காலம் ஹனோயில் கிளம்பிய ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் நாம் டிங் வந்தது. நடைமேடையில் அம்மா. கையில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே ஒட்டும் பதத்தில் வெந்த அரிசிச் சோறு, வறுத்த நிலக்கடலை. ரயில் நின்ற அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அம்மா கேட்டது மூன்றே விஷயம். ஸ்வெட்டர் இருக்கா, பையைக் காலடியில் வச்சுக்கிட்டியா, காசு போதுமா. கெடுவைப் பற்றிப் பேசவில்லை.

ரயில் நகர்ந்த பிறகு அவள் செய்தி அனுப்பினாள். "அம்மா, நீ தைக்கிற ஆவோ ஸாய் ஒரு ஓவியர் பேப்பர்ல வரைஞ்சதுதான். அவருக்கு என் வயசைவிடக் கம்மி."

பதில் வர வெகுநேரம் ஆனது. "அவருக்குக் கழுத்துப் பட்டி வெட்டத் தெரியாது. அதைச் சரி பண்ணினது எங்களை மாதிரி தையல்காரங்க."

அவள் சிரித்தாள். அம்மா சொன்னதும் உண்மைதானே. காகிதத்தில் இருந்த உடை வீட்டுக்கு வந்தது ஊசி வழியாகத்தான்.

வெயிலில் தெரியும் கவிதை

மறுநாள் ஹுவே. 1802 முதல் 1945 வரை ஙுயென் அரசர்களின் தலைநகர். அங்கே செய்யும் கூம்புத் தொப்பியில் ஒரு தந்திரம் உண்டு. இரண்டு பனையோலை அடுக்குகளுக்கு நடுவே, கவிதை வரியையோ ஆற்றுப் பாலத்தின் உருவத்தையோ காகிதத்தில் வெட்டி வைத்துத் தைத்துவிடுவார்கள். நிழலில் பார்த்தால் அது வெறும் தொப்பி. வெயிலுக்கு நேரே பிடித்தால் கவிதை தெரியும். மழைக்கும் வெயிலுக்கும் உதவும் பொருள் முதலில், அழகு அதற்குள்ளே.

ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டி வளைந்து வளைந்து இறங்கியது ரயில். டா நாங் நகரில் இறங்கி, சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் கல்லில் ஆடும் பெண்களை வரைந்தாள். அடுத்த நாள் மீ சோன். சம்பா நாட்டு மன்னர்கள் 4-ம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூற்றாண்டுகள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள் இருக்கும் பள்ளத்தாக்கு. 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கிருந்த மிகப் பெரிய கோபுரம் விழுந்தது. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்பு வேலை பார்த்தபோது, 2020-ல் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கட்டிய கை, உடைத்த கை, தோண்டி எடுத்துத் துடைத்த கை மூன்றும் ஒரே இடத்தில்.

அங்கிருந்து ஹோய் ஆன். மூங்கில் விலாவில் பட்டுத்துணி போர்த்திய விளக்குகள் தெருவெல்லாம் தொங்கும் பழைய துறைமுகம். சுற்றுலாப் பயணிகள் விளக்கைப் படம் எடுக்கிறார்கள். அவள் பழைய வீடொன்றின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் ஆற்றுத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கோடு போட்டு, ஆண்டு எழுதியிருக்கிறார்கள். வெள்ளம் வரும்போது சாமான்களை மாடிக்கு ஏற்றுவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டுக் கடையைத் திறப்பார்கள். விளக்குக் கடையும் அப்படித்தான். முன்பு வீட்டுத் தொங்கட்டான்போல இருந்த பெரிய விளக்கை, இப்போது குடை மாதிரி மடக்கும்படி செய்கிறார்கள். பயணியின் பெட்டிக்குள் அடங்க வேண்டுமே! பொருள் ஒன்றுதான், போகும் வீடு மாறியதும் வடிவம் மாறிவிட்டது.

சைகோனில் ஒரு கணக்கு

ஹோ சி மின் நகரத்தை உள்ளூர்க்காரர்கள் இன்றும் வாய் நிறையச் சைகோன் என்கிறார்கள். அங்கே ஙுயென் ஹுவே வீதியில் ஒரு பழைய ஒன்பது மாடிக் குடியிருப்பு. பல வீடுகள் காபிக் கடையாகவோ துணிக் கடையாகவோ மாறிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் தீப்பெட்டிகளை அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு ஏற்றியதுபோல இருக்கும். பென் தான் சந்தைக்கு அருகே, துரோங் டின் தெருவில், தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. கட்டியவர்களின் குடும்பங்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். உள்ளூர் வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொள்ள, கோயில் நிலைத்து நிற்கிறது. அவளும் ஓர் ஊதுபத்தி ஏற்றினாள். என்ன வேண்டினாள் என்று சொல்லத் தேவையில்லை.

அன்று மாலை ஒரு காபிக் கடையில், சித்திரக்கதை வரையும் நண்பர்களோடு பேச்சு. 'லோங் தான் துவோங்' என்ற சித்திரக்கதை பற்றி அவர்கள் சொன்னார்கள். திரான் அரசர் காலத்தை வைத்து வரைந்த கதை. 2014-ல், வாசகர்களிடமே முன்பணம் திரட்டி அச்சிட்டார்கள். பிறகு ஜப்பான் அரசின் சர்வதேச மாங்கா விருதில் வெள்ளிப் பரிசும் பெற்றது. வேண்டும் என்பவர்கள் முதலில் பணம் கட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அச்சகம்.

அன்றிரவு குறிப்பேட்டைப் புரட்டியவள் டொங் ஹோவில் எழுதிய வரியில் நின்றாள். ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டிய பொருள். டெட் அன்று பெரியவர்கள் குழந்தைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். 'லீ சீ' என்று பெயர். எந்த வீடும் அந்த உறை வாங்காமல் இருக்காது.

கொதிக்கும் பானை, விரிந்த கணக்கு

தாய்ப்பன்றி, கோழி, எலிக் கல்யாணம், வெள்ளக் கோடு போட்ட சுவர், வெயிலில் தெரியும் தொப்பி. பழைய படத்தை நகலெடுக்காமல், தன் கோட்டில், தன் எழுத்தில், எட்டு உறைகள் வரைந்தாள். ஒன்றில் மட்டும் தையல் மிஷினுக்கு முன்னால் ஒரு அம்மா. தெரிந்தவர்களிடம் முன்பணம் கேட்டாள், தெரியாதவர்களும் கட்டினார்கள். அடுப்பங்கரைத் தெய்வம் கெண்டை மீன்மேல் ஏறி விண்ணுலகம் போகும் பன்னிரண்டாம் மாதம் 23-ம் நாளுக்குள் எல்லாப் பொட்டலமும் அனுப்பியாகிவிட்டது.

டெட்டுக்கு முந்தைய இரவுகளில் வட வியட்நாம் வீடுகளில் 'பான் சுங்' வேகும். ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றி இறைச்சி வைத்து இலையில் கட்டிய சதுரப் பொட்டலம். பத்து மணி நேரத்துக்கும் மேல் கொதிக்க வேண்டும். தண்ணீர் வற்றாமல் பார்க்க யாராவது விழித்திருக்க வேண்டும். நாம் டிங் வீட்டில் அன்று விழித்திருந்தவர்கள் அப்பாவும் மகளும்.

அவளாகவே கணக்கு நோட்டை நீட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அச்சுக் கூலி, காகிதம், அஞ்சல், ரயில் டிக்கெட், வாடகை. வந்த பணம் இவ்வளவு, போனது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அலுவலகச் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் குறைவுதான். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கூட்டிக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"உன் கூலி எங்கே?"

அவளுக்குப் புரியவில்லை.

"வரைஞ்சது யாரு? எத்தனை நாள்? அதை எழுதாம மிச்சம்னு போட்டா அது தப்புக் கணக்கு."

பேனாவை வாங்கி, செலவுப் பக்கத்தில் அவரே ஒரு வரி சேர்த்தார். நாட்களை அவள் சொல்லச் சொல்ல எழுதினார். ஊர் சுற்றிய நாட்களையும் சேர்க்கலாமா என்று தயங்கிக் கேட்டாள். கொஞ்சம் யோசித்து, "பாதி" என்றார். மொத்தம் போட்டதும் மிச்சம் இருந்த இடத்தில் நஷ்டம் வந்து நின்றது. அதைப் பார்த்து அவர் பதறவில்லை. "அடுத்த வருஷம் விலையை ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு, பானையில் தண்ணீர் ஊற்ற எழுந்து போனார். போகும்போது புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே அடுத்த ஆண்டை எழுதி வைத்திருந்தார்.

வரைகிற, பாடுகிற, படம் எடுக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், "இதுக்கு மாசச் சம்பளம் வருமா?" என்று பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். அந்தக் கேள்வியில் பயம் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. அத்தோடு நிறுத்தாமல் ஒரு நாள் கணக்கு நோட்டையும் வாங்கிப் பார்க்கலாம். பிள்ளைகள் பெரும்பாலும் காகிதத்துக்கும் மைக்கும் கணக்கு வைத்திருப்பார்கள். தங்கள் நாட்களுக்கு வைத்திருக்க மாட்டார்கள். அந்த வரியைச் சேர்க்கச் சொல்வதற்கு வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும்.